ஆற்றில் விடும் மீன்குஞ்சு எந்த ஆற்றுக் குஞ்சு?



ஆடி பிறந்து ஆற்றிலே புதுத் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்காலுக்கு விதை நேர்த்தி செய்வதைப் பற்றிச் சொல்ல வேண்டிய நேரத்திலே இந்த மனிதர் மீனைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நினைப்பீர்கள். நான் பேசப் போவதும் ஒரு வகையில் விதையைப் பற்றித்தான். வயலில் போடுகிற விதை அல்ல, ஆற்றில் விடுகிற விதை.

முதலில் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு முன்பு, நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊர்க் குளம் ஒன்றில் விடுவதற்காக மீன்குஞ்சுகள் வந்து இறங்கின. அந்த வருஷம் குளத்தில் பாதித் தண்ணீர்தான். இரண்டு பை குஞ்சு மிஞ்சிவிட்டது. சாக விடுவதா? பக்கத்திலே ஆறு ஓடுகிறது. கொண்டுபோய்க் கொட்டினேன். ஏதோ புண்ணியம் செய்துவிட்ட மாதிரி எனக்கு ஒரு சந்தோஷம். கரையிலே வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"ஏனுங்க தம்பி, இது எந்த ஆத்துக் குஞ்சுங்க?" என்று கேட்டார்.

"கட்லாவும் ரோகுவும் ஐயா. பண்ணையிலிருந்து வந்தது" என்றேன்.

"கட்லான்னு பாத்தாத் தெரியுதுங்க. எந்த ஆத்துதுன்னு கேட்டேன்."

எனக்குப் பதில் தெரியவில்லை. விவசாயத்திலே பி.எஸ்ஸி. பட்டம் வாங்கியவன் நான். பத்து ரக நெல்லைக் கொட்டி வைத்தால் எது எந்த ஊருக்கு ஏற்றது என்று சொல்லிவிடுவேன். ஆனால் மீனுக்கும் சொந்த ஊர் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. கட்லா, ரோகு எல்லாம் கங்கை முதலிய வடக்கத்தி ஆறுகளின் மீன்கள். நம் பக்கத்துக் குளங்களில் நாம் பழக்கிக்கொண்டோம். நன்றாக வளர்கிறது, காசும் கொடுக்கிறது. குளத்தில் வளர்ப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் குளம் வேறு, ஆறு வேறு. குளத்து மீனை வலை போட்டு அரித்து எடுத்துவிடலாம். ஆற்றில் விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

அந்தப் பெரியவரின் கேள்வி எவ்வளவு பெரிய கேள்வி என்பது, காவிரியின் கூன்முதுகு மகசீர் கதையைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

மகசீர் கெண்டை வகையைச் சேர்ந்த மீன். கெண்டை என்றதும் உள்ளங்கை அளவு மீனை நினைக்காதீர்கள். 1946-ஆம் ஆண்டில் கபினி ஆற்றில் ஒரு மகசீர் தூண்டிலில் பிடிபட்டது. அதன் எடை 120 பவுண்டு. நம் கணக்கில் 54 கிலோ. ஒரு மூட்டை சிமெண்டைவிடக் கூடுதல்! மகசீரில் பல இனங்கள் உண்டு. அவற்றிலே காவிரிக்கும் அதன் துணை ஆறுகளுக்கும் மட்டுமே உரியது இந்தக் கூன்முதுகு மகசீர். தலைக்குப் பின்னால் முதுகு திமில் போல் மேலே ஏறி நிற்கும். செட்டை செம்மஞ்சளாய் இருக்கும். உலகத்தில் வேறு எந்த ஆற்றிலும் இது கிடையாது.

இது பாறையும் கூழாங்கல்லும் உள்ள ஓடுகிற தண்ணீரில் வாழ்கிற சாதி. நண்டு, நத்தை, பூச்சி, சிறு மீன், கரையோர மரத்திலிருந்து விழும் பழம், எல்லாவற்றையும் தின்னும். மழைக் காலத்தில் வெள்ளம் வரும்போது மகசீர்கள் மேலே ஏறிப்போய்க் கல்லும் சரளையும் உள்ள இடங்களில் முட்டையிடும். ஏறிப்போக வழி வேண்டும், முட்டையிடக் கல் வேண்டும். அணைகள் வந்தன, வழி அடைபட்டது. மணலும் சரளையும் வண்டி வண்டியாகப் போயின. போதாததற்குத் தோட்டா வெடித்து மீன் பிடிக்கிறவர்கள். ஒரு தோட்டாவில் மிதப்பது பத்து மீன் என்றால், அடியில் செத்துக் கிடக்கும் குஞ்சுக்குக் கணக்கே இல்லை.

மகசீர் குறைகிறது என்ற கவலை நாட்டில் பல இடங்களில் எழுந்தது. நல்ல மனசோடு ஒரு வேலையும் தொடங்கினார்கள். மகாராஷ்டிரத்தில் லோணாவ்லாவுக்கு அருகே டாட்டா மின் நிறுவனத்தாரின் ஏரிகள் இருக்கின்றன. அங்கே 1970-களில் மகசீர்க் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையைத் தேர்ந்தார்கள். சி. வி. குல்கர்னி என்ற மீனியல் அறிஞரும் அவரோடு இருந்தவர்களும் செய்த வேலை அது. சாமான்யமான வேலை அல்ல. நம் கட்லா, ரோகு வகைக் கெண்டைகளுக்கு 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவில் ஊசி போட்டு முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் மீன் வளர்ப்போர் தினமாக இன்றும் கொண்டாடுகிறோம். அந்தக் கெண்டைகள் கிலோ எடைக்கு லட்சம், இரண்டு லட்சம் முட்டை கொடுக்கும். மகசீர் அப்படி இல்லை. கிலோவுக்குச் சில ஆயிரம் முட்டைதான். ஒரு சினை மீன் கைதவறிச் செத்தால் ஒரு வருஷ வேலை போயிற்று.

எப்படிச் செய்கிறார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கள். மழைக் காலத்தில் சினை முற்றிய பெண் மீனைக் காயம் படாமல் பிடிக்க வேண்டும். வயிறு மெத்தென்று இருக்கும். முன்னாலிருந்து பின்னால் மெதுவாகத் தடவி விட்டால், ஜவ்வரிசி போல முட்டை வந்து விழும். நிறம் மட்டும் மஞ்சள். அதை ஈரமில்லாத தட்டில் பிடித்து, ஆண் மீனின் விந்தை அதன்மேல் பிழிந்து, பறவை இறகால் பதமாகக் கலக்குவார்கள். கை பட்டால் முட்டை நசுங்கும், அதனால் இறகு. அப்புறம்தான் தண்ணீர் சேர்ப்பது. பிறகு முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தட்டுகளில் பரப்பி, தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்படி வைக்க வேண்டும். கெட்ட முட்டை வெள்ளையாக மாறும். அதை அன்றன்றைக்கே பொறுக்காவிட்டால் பூசணம் பிடித்துப் பக்கத்து முட்டைகளையும் கெடுக்கும். நாற்றங்காலில் ஒரு இடத்தில் அழுகல் பிடித்தால் விட்டு வைப்போமா, அதே கதைதான்.

ஏறக்குறைய மூன்று நாளில் குஞ்சு பொரிக்கும். பொரித்தவுடன் நீந்தாது. வெளிச்சத்துக்குப் பயந்து, தட்டின் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்து கிடக்கும். ஒரு வாரம் போல வயிற்றில் உள்ள கருவுணவைக் கொண்டே பிழைக்கும். அந்தச் சமயத்தில் செத்துப்போச்சு என்று நினைத்துக் கொட்டிவிடக் கூடாது. பிறகு தீனி, பிறகு தொட்டி, பிறகு சிறு குளம் என்று மாதக்கணக்கில் வளர்த்து விரல் நீளம் ஆன பிறகே ஆற்றில் விடுவது. இன்னொன்று, கருவுற்ற முட்டைகளை ஈரப் பஞ்சில் பொதிந்து விமானத்திலேயே வெளியூருக்கு அனுப்பினார்கள். தண்ணீரே இல்லாமல் மீன் முட்டை ஊர் விட்டு ஊர் போயிற்று. 1979-ல் இதை ஓர் ஆராய்ச்சி இதழிலும் எழுதினார்கள்.

இவ்வளவு திறமையோடு அங்கே வளர்த்தது நீலச்செட்டை மகசீர். அது கிருஷ்ணா ஆற்றுப் பக்கத்து மீன். அதன் குஞ்சுகள் பிறகு பல மாநிலங்களுக்குப் போயின. காவிரிக்கும் வந்தன.

இங்கேதான் பெரியவரின் கேள்வியை யாராவது கேட்டிருக்க வேண்டும். இது எந்த ஆத்துக் குஞ்சுங்க? யாரும் கெட்ட எண்ணத்தில் விடவில்லை. மகசீர் குறைகிறது, இதோ மகசீர், விடுவோம் என்று விட்டார்கள். இரண்டும் மகசீர்தானே என்று நினைத்தார்கள்.

கர்நாடகத்தில் காவிரிக் கரையில் காலிபோரே என்று ஒரு இடம். அங்கே தூண்டில்காரர்கள் பிடித்து எடை போட்டு உயிரோடு திரும்ப விடுவது வழக்கம். ஒவ்வொரு மீனுக்கும் குறிப்பு எழுதி வைத்தார்கள். 1998 முதல் 2012 வரை உள்ள குறிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மகசீர்கள் பதிவாகி இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் அந்த நோட்டுகளை எடுத்து ஆராய்ந்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். 1993-க்கு முன்பு அந்தத் தூண்டில்காரர்கள் நீலச்செட்டையைக் கண்டதே இல்லை. பிறகு அது வருஷத்துக்கு வருஷம் கூடியது. கூன்முதுகு குறைந்துகொண்டே போயிற்று. ஆனால் பிடிபட்ட கூன்முதுகின் எடை மட்டும் கூடிக்கொண்டே போயிற்று.

எடை கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. யோசித்துப் பாருங்கள். ஒரு ஊரில் இருப்பவர்கள் எல்லாம் கிழவர்களும் கிழவிகளுமாய் இருந்து, எந்த வீட்டிலும் தொட்டில் ஆடவில்லை என்றால், அந்த ஊர் என்ன ஆகும்? அதுதான் அங்கே நடந்தது. பழைய பெரிய மீன்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. குஞ்சு தலையெடுக்கவில்லை. அணை, மணல், தோட்டா எல்லாம் சேர்ந்த காரணம்தான் இது. ஆனால் அந்தக் கெட்ட நிலையிலேயும் நீலச்செட்டை பெருகியிருக்கிறதே! வெளியிலிருந்து வந்த அந்த மீன் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டது முக்கியமான காரணம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இதிலே இன்னொரு வேதனை. இவ்வளவு பெரிய மீனுக்கு அறிவியலில் சரியான பெயரே இல்லாமல் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அனுபவிக்கிற நிலம், ஆனால் பட்டா இல்லை என்றால் அதிகாரியிடம் போய் என்ன சொல்வீர்கள்? பெயர் இல்லாத மீனை அழியும் உயிர்களின் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? கேரளத்தில் மறையூர்ப் பக்கம் ஓடும் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களை வைத்து ஒரு மகசீர் இனத்துக்குப் பெயர் சூட்டினார்கள். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ரெமாதேவி அம்மையாரைச் சிறப்பிக்கும் வகையில் டோர் ரெமாதேவியை என்று அந்தப் பெயர். பாம்பாறு நமக்குத் தெரியாத ஆறா? அமராவதி அணைக்கு வருகிற தண்ணீர்தானே அது! பிறகு நீலகிரிக்குக் கீழே மோயாற்றில் கூன்முதுகு மகசீர் இன்னும் இருப்பதைக் கண்டு, அதையும் பாம்பாற்று மீனையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே இனம் என்று 2018-ல் உறுதி செய்தார்கள். அதே வருஷம் அந்த இனம் உலகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. முற்றிலும் அழிவதற்கு முந்திய படி என்று சொல்லத்தக்க கடைசி நிலையில் வைத்திருக்கிறார்கள். பட்டா கிடைத்தது, நிலம் போகிற நேரத்தில்.

அப்படியானால் இந்த மீனைப் பிடித்து வளர்த்துக் குஞ்சு பொரித்து ஆற்றில் விட்டுவிடலாமே என்பீர்கள். விடலாம். விடவும் வேண்டும். ஆனால் கட்லாவுக்குச் செய்கிற கணக்கு இதற்கு ஆகாது.

நம் கொங்குச் சீமையில் காங்கேயம் மாடு வைத்திருக்கிறவர்கள் கன்றுக்குக் காளை தேடி எத்தனை ஊர் நடக்கிறார்கள்! கலப்பில்லாத காளையா, யார் வீட்டுக் காளை, அதன் தாய் எப்படி என்றெல்லாம் விசாரிக்காமல் சேர்க்க மாட்டார்கள். அதே விசாரணை மீனுக்கும் வேண்டும். தாய் மீன், தந்தை மீன் இரண்டும் இந்த ஆற்றுக் கூன்முதுகுதானா, நீலச்செட்டைக் கலப்பு உண்டா என்று செட்டையில் ஒரு துளி வெட்டிப் பரம்பரைச் சோதனை செய்து பார்க்க வேண்டும். அடுத்தது, ஒரு ஜோடியிடமிருந்து பத்தாயிரம் குஞ்சு எடுத்து ஆற்றை நிரப்பினால் நிரம்பியது ஆறு அல்ல, ஒரு குடும்பம். அண்ணன் தங்கைக்குள்ளேயே வம்சம் வளரும். ஒரு நோய் வந்தால் மொத்தமும் போகும். அதனால் எத்தனை தாய் தந்தை கிடைக்கிறதோ அத்தனையும் சேர வேண்டும். எதிலிருந்து எந்தக் குஞ்சு வந்தது என்று நோட்டு எழுத வேண்டும். இருக்கிற சில மீன்களையும் பண்ணைக்கென்று அள்ளிக்கொண்டு வந்து ஆற்றைக் காலியாக்கிவிடவும் கூடாது.

குஞ்சை விடுகிற விதத்திலேயும் விஷயம் இருக்கிறது. சாமியானா போட்டு, மாலை மரியாதை செய்து, மத்தியான வெயிலில் ஒரே இடத்தில் குடம் குடமாகக் கவிழ்ப்பதை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். படம் நன்றாக வரும். குஞ்சு பிழைக்காது. பைத் தண்ணீருக்கும் ஆற்றுத் தண்ணீருக்கும் சூடு ஒத்துப்போகும் வரை பையை ஆற்றிலேயே மிதக்க விட வேண்டும். பொழுது சாய்கிற நேரத்தில், ஆழமான மடுவில் அல்லாமல், கல்லும் ஓட்டமும் உள்ள மேல் பகுதியில், பல இடங்களில் பிரித்து விட வேண்டும். தொட்டியில் வளர்ந்த குஞ்சு, மனிதனின் நிழலைப் பார்த்தால் தீனி வருகிறது என்று ஓடி வரும். ஆற்றில் அந்தப் பழக்கம் அதன் உயிருக்கே ஆபத்து. அதனால் விடுவதற்கு முன்பே ஓடுகிற தண்ணீரிலும் இயற்கை இரையிலும் பழக்க வேண்டும்.

இதெல்லாம் மீன்வளத் துறையும் வனத்துறையும் ஆராய்ச்சிக்காரர்களும் பார்க்க வேண்டிய வேலை, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறீர்களா? பவானி, அமராவதி, காவிரிக் கரையில் நிலம் வைத்திருக்கிற உங்களிடம்தான் பாதி வேலை இருக்கிறது. குஞ்சை யார் வேண்டுமானாலும் விடலாம். அது வாழ்கிற கரை உங்களுடையது.

உங்கள் குளத்தில், பண்ணைக் குட்டையில் கட்லா, ரோகு வளர்க்கிறீர்கள். நல்லது. ஆனால் மதகிலும் கலிங்கிலும் நெருக்கமான கண்ணி உள்ள வலை கட்டுங்கள். ஆற்று வெள்ளம் ஏறுகிற இடத்தில் குட்டை வெட்டாதீர்கள். வெட்டியிருந்தால் கரையை உயர்த்துங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை எக்காரணம் கொண்டும் வளர்க்க வேண்டாம். சேறானாலும் சாக்கடையானாலும் பிழைக்கும், கண்டதையெல்லாம் விழுங்கும், அதனால்தான் அரசாங்கம் தடை செய்திருக்கிறது. 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை அமராவதி அணையில் என்ன பாடு படுத்தியது என்று அந்தப் பக்கத்து மீன்காரரைக் கேட்டால் சொல்வார். வீட்டில் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த அழகு மீனைப் பிள்ளைகள் இரக்கப்பட்டு வாய்க்காலில் விடுவார்கள். அதையும் தடுங்கள்.

மருந்து அடித்த கைத்தெளிப்பானை ஆற்றில் முக்கிக் கழுவும் பழக்கம் இன்னும் போகவில்லை. சில மருந்துகளில் ஒரு மூடி அளவு போதும், அந்த மடுவிலுள்ள குஞ்சுகள் தலைகீழாய் மிதக்கும். வயல் ஓரத்திலேயே தண்ணீர் விட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரையும் மருந்து அடித்த வயலிலேயே ஊற்றிவிடுங்கள். தோட்டா, பிளீச்சிங் பவுடர், மின்சாரக் கம்பி வைத்து மீன் பிடிக்க வெளியூர் ஆட்கள் வந்தால், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். வெடி வைப்பதும் விஷம் கலப்பதும் 1897-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே குற்றம். ஆளைப் பிடிக்கப் போய்ச் சண்டை வேண்டாம். போலீசுக்கும் மீன்வளத் துறைக்கும் சொல்லுங்கள்.

"அவ்வளவும் செஞ்சா எனக்கென்னங்க லாபம்?" என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார். நியாயமான கேள்வி. கூன்முதுகு மகசீர் உங்கள் சந்தைக்கு வரப்போவதில்லை, வரவும் கூடாது. ஆனால் அது பிழைக்கிற தண்ணீர், நஞ்சில்லாத தண்ணீர். அதற்கு வேண்டிய மணலும் சரளையும் ஆற்றில் இருந்தால் கரையோரக் கிணற்றில் ஊற்று நிற்கும். மணல் போன ஊரில் கிணறு எத்தனை அடி இறங்கிற்று என்று உங்களுக்கே தெரியும். அதோடு கல்பாசு, சேல் கெண்டை போன்ற நாட்டு மீன்களும் அதே தண்ணீரில்தான் பெருகும். அவற்றின் குஞ்சுகளைத் தமிழ்நாடு மீன்வளத் துறை சில வருஷங்களாக ஆறுகளில் விட்டும் வருகிறது. அவை உங்கள் ஊர் வலைக்காரருக்குச் சோறு.

கடைசியாக ஒன்று. மோயாறும் அதன் மேல் பகுதியும் புலிகள் காப்பகக் காடு. மீனைப் பார்க்கிறேன் என்று உள்ளே போய்விடாதீர்கள். ஆனால் பவானிசாகர், அமராவதி அணைகளுக்கு மேலேயோ கீழேயோ, உங்கள் ஊர் மீனவர் வலையில் பெரிய செதிலும் திமில் போன்ற முதுகும் செம்மஞ்சள் செட்டையும் உள்ள மீன் தப்பித்தவறி விழுந்தால், ஈரக் கையோடு பிடித்து, தண்ணீரை விட்டு அதிக நேரம் வெளியே வைக்காமல், பக்கவாட்டில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு உடனே விட்டுவிடச் சொல்லுங்கள். தேதி, இடம், ஏறக்குறைய எத்தனை முழம் நீளம் என்று குறித்து, படத்தோடு மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுங்கள். விரல் நீளக் குஞ்சாக இருந்தால் இன்னும் அவசியம் கொடுங்கள். குஞ்சு எங்கே கிடைக்கிறது என்பதுதான் முக்கியமாகத் தெரிய வேண்டியது.

அடுத்த வாரம் மஞ்சள் பயிரில் வரும் இலைப்புள்ளி நோயைப் பற்றிப் பேசுகிறேன்.